ரெண்டாவது பொட்டலம்

ரீகன் அண்ணனோட பைப்புப் புகையிலக் கலவை, ரெண்டாவது பொட்டலம், மணி ரெண்டு நாப்பது, எங்க வீட்டு மொட்டை மாடி, தண்ணித் தொட்டி நெழல், காத்து சுத்தமா இல்ல, எல மஞ்சளும் லேசான செவப்புமா நூல் மாதிரி சீவியிருக்கு, கிள்ளிப் பாத்தா ஈரம் கரெக்டா இருக்கு, பத்த வச்சதும் மொத இழுப்புல. இது வரைக்கும் டைப் பண்ணிட்டேன், இதுக்கு மேல விரல் ஓடல. மொத இழுப்புல என்ன. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னு எழுத முடியுமா, அண்ணன் பொட்டலத்து லேபிளுக்கு ரெண்டு வரி கேட்டிருக்காரு, ஒண்ணுமில்லங்கிறது ஒரு வார்த்ததான், ரெண்டு வரி கூட இல்ல. சரி, மொத இழுப்புல எப்பவும் தீக்குச்சி வாசந்தான வரும், அத கணக்குல எடுக்கக் கூடாதுன்னு நான்தான பைப்பு குரூப்புல எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவன். ரெண்டாவது இழு. மெதுவா. புகைய நேரா நாக்குல அடிக்க விடாத, கன்னத்துல ஒதுக்கு, கொஞ்சம் மூக்கு வழியா விடு. வெதுவெதுன்னு ஒரு காத்து வருது. மத்தியான பஸ்ஸுல ஜன்னல் ஓரம் ஒக்காந்தா மூஞ்சில அடிக்குமே, அந்தக் காத்து. இனிப்பு எங்க. போன தடவ மூணாவது இழுப்புலயே வந்துச்சே, ஏலக்காய் வந்துச்சு, வெல்லப்பாகு வந்துச்சு, நான் துள்ளிக் குதிச்சு நாலு பாரா எழுதுனேனே. மூணாவது இழு. காத்து. நாலாவது. காத்துதான், ஆனா இப்ப கொஞ்சம் சூடான காத்து, ஏன்னா நான் அவசரமா இழுக்கிறேன், அவசரமா இழுத்தா எந்த எலயும் வெந்நிதான், இது எனக்குத் தெரியாதா, தெரியும், கை கேக்கல.

லேப்டாப்புல டிங்குன்னு ஒரு சத்தம். நான் இப்ப ட்யூட்டில இருக்கேன், அது வேற. வாஷிங் மெஷின் கம்பெனியோட தமிழ் சாட்டுல பதில் சொல்ற வேலை, வீட்டுல இருந்தே, ஒரே நேரத்துல மூணு பேரு. திருநெல்வேலில இருந்து சுகந்தி மேடம், துணி பிழியிறப்ப மெஷின் நடந்து போகுதுங்கிறாங்க. எவ்வளவு தூரம் மேடம்னு கேட்டேன். பாத்ரூம்ல இருந்து ஹால் வரைக்கும் வந்திருச்சாம், ஒயர் தடுத்ததாலதான் நின்னுச்சாம். நாலு காலும் சமமா இருக்கான்னு பாருங்க மேடம், துணிய ஒரே பக்கமா போடாதீங்க. அனுப்பியாச்சு. அஞ்சாவது இழு. வெயில் ஒரு காரணமா இருக்கலாம். இந்த வெயில்ல எவன் பைப்பு ஊதுவான், குரூப்புல இருக்கிற, குன்னூர்ல ஒக்காந்து ஊதுற தாவூத் சாருக்கு எல்லாம் ருசியா இருக்கும், இங்க மதுரையில தொட்டித் தண்ணியே கொதிக்குது. இல்ல, போன தடவயும் இதே மாடி, இதே நேரம், வெயில் இதவிட ஜாஸ்தி. அப்ப மத்தியானம் சாப்பிட்ட மீன் கொழம்பு. ஆமா, மீன் கொழம்பு, புளியும் மொளகாயும் நாக்குல ஒக்காந்திருக்கு. கீழ எறங்கிப் போயி வாயக் கொப்புளிச்சு, ஒரு தம்ளர் மோர் குடிச்சு, மறுபடி படியேறி வந்து ஆறாவது இழுப்பு இழுக்குறேன். மோர் ருசி வருது. மோர் ருசி போனதுக்கு அப்புறம் காத்து.

நாலு மணி. அண்ணன் நாலு மணின்னு சொன்னாரு. காலையில போன் பண்ணப்ப அவரு கொரல் கல்யாண மாப்ள கொரல் மாதிரி இருந்துச்சு, தம்பி, ராஜினாமா லெட்டரு சட்டப்பையில இருக்குடா, நாலு மணிக்கு மானேஜர் ரூமுக்குப் போறேன், அதுக்குள்ள அந்த ரெண்டு வரிய அனுப்பு, அத ஒரு தடவ படிச்சிட்டு உள்ள போனா தைரியமா இருக்கும்னாரு. திண்டுக்கல் பக்கம் நூல் மில்லு, பதிமூணு வருஷம், மேஸ்திரி. வேலைய விட்டா மில்லு குவாட்டர்ஸயும் விடணும், அண்ணன் சம்சாரம் விமலாக்கா ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போகணும், அதுக்கும் அக்கா சரின்னுட்டாங்களாம். சரின்னு சொன்னதுக்கு என்ன காரணம்னா நான் எழுதுன நாலு பாரா. அத அண்ணன் அக்காக்கு சத்தமா படிச்சுக் காட்டியிருக்காரு. எனக்கு இருபத்தி நாலு வயசு, நான் எழுதுனத நம்பி ஒரு பொம்பள வீட்டக் காலி பண்றாங்க. நான் என்ன பெரிய ஆளா, பதினோரு பேரு இருக்கிற வாட்ஸப் குரூப்புல ஜாஸ்தி டைப் பண்றவன், அவ்வளவுதான். நாப்பத்தி மூணு கலவைக்கு விமர்சனம் எழுதியிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் நாலு பாரா, மத்தவங்க எல்லாரும் கீழ ஒரு கட்டைவிரல் போட்டுட்டுப் போயிருவாங்க. அண்ணன் கலவைக்கும் அப்படித்தான், ஆறு பேருக்கு பொட்டலம் அனுப்புனாரு, நான் மொதல்ல எழுதுனேன், மத்த அஞ்சு பேரும் ஆமா ஆமா ஏலக்காய்ன்னாங்க, தாவூத் சாரு ஒருபடி மேல போயி முந்திரிப்பழம்னாரு, இல்ல, முந்திரிப்பழம்னு சொன்னதும் நான்தான், அவரு அதுக்கு ஆமான்னாரு. அத யாரோ பெங்களூர்ல கடை வச்சிருக்கவருக்கு அனுப்ப, அவரு அந்த இனிப்பு ஐட்டம் மாசாமாசம் வேணும்னு கேக்க, இதையே தொழிலாக்கிரலாம்னு அண்ணன் சட்டப்பையில லெட்டரு.

அன்னிக்கு ராத்திரியே, நான் எழுதுன அன்னிக்கு, அண்ணன் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாரு. தம்பி, நான் ஒரு சொட்டு பாகு சேக்கலடா, வாசனைத் தைலம் ஒண்ணும் சேக்கல, வேடசந்தூர் பக்கத்துல எல வாங்கி, இட்லி சட்டியில ஆவி காட்டி, ரெண்டு இரும்புத் தகடுக்கு நடுவுல வச்சு கார் ஜாக்கியால அமுக்கி மூணு மாசம் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன், அவ்வளவுதான், நீ சொல்ற இனிப்பு எலயோட சொந்த இனிப்பு, அத நீ ஒருத்தன்தான்டா கண்டுபிடிச்சன்னாரு. நான் அப்ப என்ன நெனச்சேன். என் நாக்க நெனச்சு பெருமப்பட்டேன். கண்ணாடில நாக்க நீட்டிப் பாத்தேன், சத்தியமா. ஒரு சொட்டு சேக்காத எலயில வெல்லப்பாகு எப்படிடா வரும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா. யோசிக்கல. நல்லாருக்குன்னு சொல்றப்ப எவன் யோசிப்பான்.

டிங். சுகந்தி மேடம் நாலு காலும் சமமாத்தான் இருக்காம். அப்ப தரை சமமா இருக்கான்னு பாருங்க மேடம். எனக்கு ஜுரம் வந்தப்ப பத்து நாளு ருசி போச்சே, அது மறுபடி வந்திருச்சோ, அய்யோ அதுவா இருந்தா நல்லாருக்குமே, ருசி போயிருந்தா என்னய யாரும் குத்தம் சொல்ல முடியாது, தப்பு எலயிலயும் இல்ல என்கிட்டயும் இல்ல, ஜுரத்துகிட்ட. ஆனா மோர் ருசி தெரிஞ்சுச்சே இப்ப. உப்பு கம்மின்னு கூட தெரிஞ்சுச்சே. அப்ப பைப்பு. ஆமா, பைப்பு புதுசு. போன தடவ என்கிட்ட இருக்கிற ஒரே மரப் பைப்புல ஊதுனேன், இன்னிக்கு நேத்து கூரியர்ல வந்த புதுசு, மக்காச்சோளக் கட்டையக் குடைஞ்சு செஞ்சது, லேசா தக்கை மாதிரி, அண்ணனோட பெரிய நாளு, புதுப் பைப்புல பிள்ளையார் சுழி போடலாம்னு ஆசையா எடுத்தேன். புதுப் பைப்பு முதல்ல கட்டை ருசியத்தான் குடுக்கும், எலயோட இனிப்ப அது குடிச்சிருக்கும். அதான். கண்டுபிடிச்சாச்சு. பைப்புமேல தப்பு. மரப் பைப்புல ஒரு கிண்ணம் ஊதுனா இனிப்பு வந்துரும், ரெண்டு வரி எழுதிரலாம், மணி மூணு ஆறுதான ஆவுது.

மரப் பைப்பு கீழ அலமாரில, சட்டைக்கு அடியில. எறங்கிப் போறப்ப அம்மா அடுப்படியில இருந்து தலைய நீட்டி, இன்னிக்கு என்னடா சஞ்சீவி, மேல பழைய நோட்டக் கிழிச்சுக் கொளுத்துறியான்னு கேக்குறாங்க. அம்மாவுக்கு நான் பைப்பு ஊதுறது தெரியும், தெரியும்னு காட்டிக்க மாட்டாங்க, வாசனைய மட்டும் குத்தம் சொல்லுவாங்க. ஏம்மா அப்படிக் கேக்குறன்னேன். போன வாட்டி பாயாசம் அடிபிடிச்ச மாதிரி வந்துச்சு, அதாவது பரவால்ல, இது வெறும் பேப்பரு வாசனைன்னுட்டு உள்ள போயிட்டாங்க. படியில நின்னுட்டேன். பாயாசம். அம்மாவுக்கு மூக்கு மில்லிமீட்டர் சுத்தம், மூணாவது வீட்டுல எந்தக் கடை எண்ணெயில வடை சுடுறாங்கன்னு சொல்லுவாங்க. பாயாசம் அடிபிடிச்ச வாசனைய அவங்க அதுக்கும் முன்னாடி சொல்லியிருக்காங்களே. எப்ப. அண்ணன் பொட்டலம் வர்றதுக்கு முன்னாடி. துபாய்ல இருந்து எங்க பெரியம்மா பையன் வெனிலா போட்ட புகையில டப்பா ஒண்ணு கொண்டு வந்து குடுத்தானே, ஒரு மாசம் தினமும் அதத்தான ஊதுனேன், அப்பத்தான் அம்மா பாயாசம் பாயாசம்னு சொல்லிட்டே இருந்தாங்க. அதயும் எதுல ஊதுனேன். அப்ப ஒரே பைப்புதான இருந்துச்சு என்கிட்ட.

இல்ல. இருக்காது. நான் நல்லா கழுவித் தொடச்சிட்டுத்தான் போட்டேன். தொடச்சேனா. கம்பி விட்டு ரெண்டு இழு இழுத்தேன், அது தொடைக்கிறதா. கலவைக்கு ஒரு பைப்பு, வாசனை போட்டதுக்கு தனி, போடாததுக்கு தனி, மரம் குடிச்சத மறக்காது, லேசான எலய அதுல போட்டா பழைய பேய்தான் பேசும், இத யாரு எழுதுனது, நான் எழுதுனது, குரூப்புல மேல பின் பண்ணி வச்சிருக்கு, புதுசா சேர்றவன் எவனும் அதப் படிச்சிட்டுத்தான் பேசணும். தாவூத் சாருக்கு நாப்பது பைப்பு இருக்கு, அவரு கடைப்பிடிப்பாரு. ஒரு பைப்பு வச்சிருக்கவன் எப்படிடா கடைப்பிடிப்பான். பொட்டலம் வந்த அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கூட பொறுக்காம, பிரிச்ச உடனே அமுக்கிப் பத்த வச்சேன். செருப்பக் கூட கழட்டாம இதே மாடிக்கு ஓடி வந்து.

மாடிக்கு வந்துட்டேன். மரப் பைப்பு கையில. அண்ணன் எலய இதுல போட வேண்டியதில்ல, அது எனக்கு இப்பவே தெரியுது, ஆனா ஒண்ணு பாக்கணும். எல போடாம, பத்த வைக்காம, வெறும் பைப்ப வாயில வச்சு இழுத்தேன். ஏலக்காய். வெல்லப்பாகு. ரொம்ப தூரத்துல முந்திரிப்பழம். நான் எழுதுன நாலு பாராவும் வரிசையா, நான் எழுதுன அதே வரிசையில, காலிப் பைப்புக்குள்ள ஒக்காந்திருக்கு. மறுபடி இழுத்தேன், மறுபடியும். ரொம்ப நல்லாருக்கு, அதுதான் கொடுமை. டிங். டிங். சுகந்தி மேடம் தரையும் சமமா இருக்கு தம்பி, நீங்க என்ன சொல்றீங்கங்கிறாங்க. நான் என்ன சொல்றேன். மேடம், டெக்னீஷியன நாளைக்கு அனுப்புறோம். மூணு இருபத்தெட்டு.

எழுதிரலாம். இந்த நெனப்பு வர்றது எனக்கே கேவலமா இருக்கு, ஆனா வருது, விரல் தானா டைப் பண்ணிப் பாக்குது, மென்மையான கலவை, பொறுமையா ஊதுறவங்களுக்கு எலயோட சொந்த இனிப்பு மெல்லத் தெரியும். பாரு, எவ்வளவு அழகா இருக்கு. பொய்யின்னு எவன் நிரூபிப்பான், மென்மைன்னு சொல்லிட்டா போதும், எவனுக்கும் ருசி வரலன்னா அவன் பொறுமை பத்தலன்னு அவனே நெனச்சுக்குவான், அஞ்சு பேரு அப்படித்தான ஆமா போட்டாங்க. அண்ணன் தைரியமா உள்ள போவாரு. அப்புறம் பெங்களூர்க்காரரு பிரிச்சு ஊதுவாரு. ஒரு மாசம் ஆகும், ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள அண்ணன் குவாட்டர்ஸ் சாவியக் குடுத்திருப்பாரு. விமலாக்கா அவங்க அம்மா வீட்டுல ஒரு ரூமுல, பொட்டி மேல பொட்டியா அடுக்கிட்டு, அந்தத் தம்பி நல்லாத்தான எழுதியிருந்துச்சுன்னு கேப்பாங்க. அந்தத் தம்பி. ஒருவேள அண்ணன் அப்புறமா இன்னும் நல்லா செஞ்சிருவாரோ. செய்வாரு, கை சுத்தம் அவருக்கு, சீவலப் பாத்தாலே தெரியுது, ஒரு தூசி இல்ல, ஒரு காம்பு இல்ல. மூணு முப்பத்தஞ்சு. ரெண்டு வரியையும் அழிச்சேன். மறுபடி டைப் பண்ணேன். மறுபடி அழிச்சேன். என் பேரு போயிரும், அதுவும் இருக்கு, நாப்பத்தி மூணு விமர்சனமும் ஒரே பைப்புல ஊதுனது, அதுல எத்தன எலயோடது, எத்தன பேயோடது, கேட்டா எனக்கே தெரியாது. அதுக்குத்தான் பயப்படுறேனா, அண்ணனுக்காக பயப்படுறேனா. ரெண்டும் ஒண்ணா கலந்து கெடக்கு, பிரிக்க முடியல. மூணு நாப்பத்தொண்ணு. போட்டுட்டேன் போன.

மணி அடிக்குது, எடுக்கல. மறுபடி போட்டேன். எடுத்தாரு, பின்னாடி எங்கயோ தூரத்துல மெஷின் எரையிற சத்தம், அடைச்ச கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற மாதிரி. மானேஜர் ரூம் வாசல்லதான்டா நிக்கிறேன், அந்தாளு போன்ல இருக்கான், எழுதிட்டியா, படின்னாரு. எழுதலண்ணேன்னேன். அப்புறம் எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன், துபாய் டப்பா, ஒரு மாசம், ஒரே பைப்பு, நான் தொடைக்காதது, எங்கம்மா சொன்ன பாயாசம், காலிப் பைப்ப இழுத்துப் பாத்தது. அப்புறம் அண்ணன் கேட்டாரு, "அந்த ஏலக்காய்?" பைப்புதான்ணேன்னேன். "வெல்லப்பாகுன்னு ரெண்டாவது பாராவுல எழுதியிருந்தியே." அதுவும்ணே. "முந்திரிப்பழம்." ம்னு சொன்னேன். மனுஷன் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு. "பதிமூணு வருஷமா நூலு அறுந்தா திட்டுறதுக்கு மட்டும்தான்டா என்னயக் கூப்பிட்டுருக்காங்க. ஒருத்தன் மொதமொதலா நல்லாருக்குன்னு எழுதுனான். அது வெனிலாவாடா." சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிக்கலன்னு அடுத்த செகண்டு தெரிஞ்சுச்சு. மன்னிச்சிருங்கண்ணே, நான் குரூப்புலயும் எழுதிப் போட்டுர்றேன், எல்லாம் என் தப்புன்னு போட்டுர்றேன்னேன். அத விடு, இன்னிக்கு எந்தப் பைப்புன்னாரு. புதுசுண்ணே. முழுசா ஊதுனியா. இல்லண்ணே, பாதியில வச்சுட்டேன். "அப்ப மிச்சத்த ஊது. நான் லைன்ல இருக்கேன்."

போன ஸ்பீக்கர்ல போட்டு தொட்டிச் செவுத்துல சாய்ச்சு வச்சுட்டு, கட்டைப் பைப்ப எடுத்து, சாம்பல லேசா தட்டி, ஆணித் தலையால அமுக்கி, பத்த வச்சேன். மூணு குச்சி ஆச்சு. ஒருத்தரோட வாழ்க்க என் வாய்க்குள்ள இருக்கு, நான் அத அவசரமா இழுக்கக் கூடாது. மெதுவா. கன்னத்துல ஒதுக்கு. காத்து. இன்னொண்ணு. காத்து, வெதுவெதுப்பு, ஒரு சுத்தம் இருக்கு, நாக்கு கடிக்கல, தொண்ட எரியல, ஆனா இது ருசியா, இது தொந்தரவு இல்லாததுக்குப் பேரு. அந்தப் பக்கம் யாரோ, மேஸ்திரி, மானேஜர் உள்ள வரச் சொல்றாருங்கிறது கேக்குது. அண்ணன் ஒரு நிமிஷம்னு சொல்றது கேக்குது. பதட்டத்துல இழுப்பு வேகமாகுது, நிறுத்துனேன், எண்ணாம, டைப் பண்ணாம, எந்த வார்த்தையும் தேடாம ஒரு இழு. பைப்போட அடிக்கு வந்துருச்சு எல. அங்க ஒண்ணு இருக்கு. இருக்கா. இருக்கணும்னு நான் நெனக்கிறதா. மறுபடி. மழையில நனைஞ்ச வைக்கோலு வெயில்ல காயிறப்ப ஒரு வாசம் வருமே, அதோட ஓரத்துல ஒரு இனிப்பு, அரிசிய மென்னா கடைசியில வருமே, அவ்வளவு. வந்த எடம் தெரியாம போயிருச்சு. அடுத்த இழுப்புல மறுபடி வந்துச்சு. இருக்கு. இது பைப்போடது இல்ல, பைப்பு நேத்து வந்தது. இது அவரு கட்டிலுக்கு அடியில வச்சது. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்கு, இருக்குண்ணேன்னு கத்தலாம், கத்துனா அவரு உள்ள போயிருவாரு. "சொல்லுடா," ன்னாரு அண்ணன்.

"இத்துணூண்டு இருக்குண்ணே. அடியில போனாத்தான் வருது, வைக்கோல் மாதிரி, அரிசி மாதிரி. இது உங்களுதுதான், சத்தியமா. ஆனா வேலைய விடுற அளவுக்கு இல்ல."

மேஸ்திரி, வாங்கன்னு மறுபடியும் ஒரு கொரல். செருப்பு நடக்குற சத்தம், அது எந்தப் பக்கம் போகுதுன்னு காதத் தீட்டிக் கேக்குறேன், ஒரு கதவோட ஸ்பிரிங்கு கிறீச்சுங்குது, போயிட்டாரு, மானேஜரோட ஏசி ரூமுக்குள்ள போயிட்டாரு, நான் சொன்னது லேட்டு, அப்படின்னு நெனக்கிறப்பவே அந்த எரைச்சல் முழுசும் ஒரே அடியா போன் வழியா கொட்டுது, நூல் நூக்குற ஆயிரம் கதிரு ஒண்ணா சுத்துற சத்தம், தகர ஷெட்டு மேல மழை அடிச்ச மாதிரி, அது மானேஜர் ரூம் கதவு இல்ல, மில்லுக் கதவு, அதுக்கு நடுவுல அண்ணன் கொரலு, யாரையோ, ஏழாம் நம்பர்ல நூலு அறுந்து கெடக்கு, பாக்காம என்னத்தப் பராக்குப் பாத்துட்டு நிக்கிறன்னு. லைன கட் பண்ண மறந்துட்டாரா, நான் கேக்கட்டும்னு விட்டுட்டாரா, தெரியல. கேட்டுட்டே இருக்கேன்.